கற்பகம் டீச்சரின் கேள்விப் பரீட்சை

வேம்பம்பதிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வந்த அன்று, கற்பகம் தன் பதினான்கு சான்றிதழ்களும் அடங்கிய நீலக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். துணிமணி இருந்த பெட்டியை இறக்க மறந்துபோனாள். பெட்டி கோயமுத்தூர் வரை தனியாகப் போய்விட்டு, கண்டக்டரின் கருணையால் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தது. அதற்குள் காலையில் வகுப்பு தொடங்கிவிட்டது. இருபத்தாறு வயதான புது டீச்சர், வீட்டுக்காரம்மா ராசம்மாளின் பெரிய பூப்போட்ட மஞ்சள் சேலையை உடுத்திக்கொண்டு ஏழாம் வகுப்புக்கு முதல் பாடம் நடத்தினாள். "அது எங்கம்மா சீலை" என்று முதல் வரிசையிலிருந்த நர்மதா பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னது, மூன்றாவது நிமிடத்தில் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்திருந்தது.

வேம்பம்பதி, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளத்திலிருந்து நாலு கிலோமீட்டர். தென்னந்தோப்பும் சோளக்காடும் மாடுகளும் நிறைந்த ஊர். கேரளத்தில் இருந்தாலும் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பது தமிழ், அரசாங்கத்திலிருந்து வருகிற காகிதம் மட்டும் மலையாளம். ராசம்மாளின் வீட்டு மாடிப் போர்ஷனில் கற்பகம் குடியிருந்தாள். ராசம்மாளின் கணவர் பொங்கியண்ணன் தென்னையும் மாவும் வைத்திருக்கும் விவசாயி. பள்ளிக்கூடத்துப் பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வுக்கு நாலு வருடமாக அவர்தான் தலைவர். நர்மதா அவர்களுடைய ஒரே மகள். ஆக, கற்பகத்தின் மாணவி கீழ்வீட்டில், மாணவியின் அப்பா பள்ளிக்கூட மேடையில், மாணவியின் அம்மாவின் சேலை தன் உடம்பில் என்று அவளுடைய ஆசிரிய வாழ்க்கை ஆரம்பமானது.

ஒரு மாதத்துக்குள் ராசம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டீச்சருக்குக் கணக்கு தெரியும். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் சந்தேகம். சிலிண்டர் தீர்ந்தால் ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு நாள் பிஸ்கட் தின்றாள். தேங்காய் வாங்கப்போய், உரிக்காததைக் கொடுத்தார்கள் என்பதற்காக அதை அலமாரியில் வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவள் கேட்பதில்லை.

அது அவள் குற்றமில்லை. இடுக்கி மலையில் சித்திரபுரத்துப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் அவளை வளர்த்த முறை அப்படி. அப்பா அழகுமலைக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மா பூமாரி கொழுந்து பறிப்பவள். தங்கள் மகள் கூடையைத் தொடக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். கூடையில் ஆரம்பித்த அந்தத் தடை, பிறகு விளக்குமாறு, அடுப்பு, தண்ணீர்க் குடம், ரேஷன் கடை என்று ஒவ்வொன்றாகப் பரவியது. அவள் எதற்காக எழுந்தாலும் "நீ படி தாயி" என்று உட்கார வைத்துவிடுவார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால், பூமாரி கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். யாராவது வீட்டுக்கு வந்து, "புள்ள பேசவே மாட்டேங்குதே" என்றால், அழகுமலை பெருமையோடு, "அது படிக்குது" என்பார்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். வாத்தியார் கேட்டால் முதலில் எழுந்து பதில் சொல்வது கற்பகம். கேட்காவிட்டால் வாயைத் திறப்பதில்லை. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். பி.எட்.டில் முதலிடம். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சையில் நல்ல ரேங்க். இருபத்தாறு வருடத்தில் அவள் எழுதிய பதில்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறைந்திருக்கும். அவள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு தீப்பெட்டி போதும்.

இதெல்லாம் அவளுக்கே உறைத்தது ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை.

பாலக்காட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலந்தாவளத்தில் இறங்கினாள். வேம்பம்பதிக்குப் போகும் ஐந்தேகால் பஸ்ஸுக்காக நின்றாள். ஐந்தேகால் போயிற்று, ஆறு போயிற்று. இருபதடி தூரத்தில் ஏழு ஆட்டோக்கள் நின்றன. பின்னால் டீக்கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பாட்டியம்மா வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தாள். கற்பகம் யார் பக்கமும் திரும்பவில்லை. செல்போனில் பஸ் நேரத்தைத் தேடினாள். அது கோயமுத்தூரிலிருந்து பெங்களூர் போகும் பஸ்களைக் காட்டியது. ஆறரை மணிக்கு அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நேரத்தில்தான், மாட்டுத் தீவனம் வாங்கிக்கொண்டு மொபெட்டில் வந்த ராசம்மாள் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள்.

"ஏனுங்க டீச்சர், இங்க நின்னுட்டு என்ன பண்றீங்க?"

"பஸ்ஸு வரலக்கா."

"அந்த பஸ்ஸு ஓடி ஒரு வாரமாச்சுங்களே! யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

கற்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த ஆட்டோக்காரங்க, டீக்கடைக்காரரு, இந்த அம்மா… ஒருத்தருகிட்டயும் கேக்கலீங்களா?" ராசம்மாள் தீவன மூட்டையை முன்பக்கம் இழுத்து வைத்து இடம் செய்தாள். "ஏறுங்க. எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு வாங்குனவங்கன்னு எங்க ஊட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கறதுக்கு எத்தன மார்க்குங்க டீச்சர்?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். கற்பகம் அதை வினாத்தாளில் வந்த கேள்வியைப் போல எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூராவும் துணி துவைத்தபடியே யோசித்தாள். எத்தனை மார்க்? ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை, கேட்டதற்காக யாரும் அவளுக்கு அரை மார்க்கூடப் போட்டதில்லை.

துணியைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். வழக்கமாக அவர்கள் கேட்பார்கள், அவள் பதில் சொல்வாள். அன்று அவள் கேட்டாள்.

"அப்பா, நீங்க படியில ஒருச்சாய்ச்சு ஏறுறீங்களே, ஏன்?"

அழகுமலை ரொம்ப மெதுவாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் மழையில் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் ஹாஸ்டலில் பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் சொல்லவில்லை.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தோம் தாயி. நீ கேக்கல."

பூமாரி போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா?" என்றாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனபோதெல்லாம் அப்பா பக்கவாட்டில் படியேறுவதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே படித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை வகுப்பில் சதவீதம் நடத்தி முடித்துவிட்டு, எப்போதும் போல, "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்றாள். "இல்லீங் டீச்சர்!" என்று இருபத்து மூன்று பேரும் ஒரே ராகத்தில் சொன்னார்கள். கோகுல்நாத்தின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவன் நோட்டு வெறுமையாக இருந்தது. இதே கோகுல்நாத், பள்ளிக்கூட வாசலில் மாங்காய் லாரி நின்றால் டிரைவரிடம், எங்கே போகிறது, ஏன் தார்ப்பாய் கட்டவில்லை, அந்தப் பல்பு ஏன் எரியவில்லை என்று பத்துக் கேள்வி கேட்டு அவரை ஓட ஓட விரட்டுபவன். வகுப்பு வாசலைத் தாண்டியதும் அந்த வாய்க்கு யார் பூட்டுப் போடுகிறார்கள்?

பூட்டுப் போடுவது தானேதான் என்று கற்பகத்துக்குத் தோன்றியது. "அடுத்த வருசம் சிலபஸ் மாறும்போது பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தால் அவள் நல்ல டீச்சராக, எந்த வம்பும் இல்லாமல் இருந்திருப்பாள். அவள் ஒரு காகிதத்தை எடுத்து நாலு வரி எழுதினாள்.

யாரிடம் கேட்டாய்? என்ன கேட்டாய்? என்ன சொன்னார்கள்? அதைக் கேட்டபின் உனக்கு வந்த அடுத்த கேள்வி என்ன?

இதுதான் வினாத்தாள். வீட்டாரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்கக்கூடாது. இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். மரியாதையாகக் கேட்க வேண்டும். உண்மையிலேயே தனக்குத் தெரியாததை மட்டும்தான் கேட்க வேண்டும். ஓணப் பரீட்சைக்கு முன்னால் இரண்டு வாரம் தவணை. பதிலுக்கு மார்க் கிடையாது. கேள்விக்குத்தான் மார்க்.

தலைமையாசிரியர் ஜோஸ் அதை இரண்டு தடவை படித்தார். மலையாளி, நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அதுவரை எந்தப் பிரச்சினையும் வரக்கூடாது என்பதுதான் அவருடைய கல்விக் கொள்கை.

"டீச்சரே, இது சிலபஸ்ல எவிடே இருக்கு?"

"இல்ல சார்."

"அப்போ ஒரு காரியம் செய்யலாம். கள ஆய்வுன்னு பேர் வை. பி.டி.ஏ. பிரசிடென்ட் அனுமதி வேணும். மலையாளத்துல ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்து வாங்கு. ஃபைல்ல இருக்கட்டும், கேட்டோ."

இடுக்கியில் படித்தவளுக்கு மலையாளம் சிரமமில்லை. ஒரு பக்கத்தில் விவரமாக எழுதி, அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பொங்கியண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "ம்… ம்…" என்று மூன்று இடத்தில் தலையாட்டி, சட்டைப் பையிலிருந்த பச்சை மசிப் பேனாவால் பெரிய கையெழுத்தாகப் போட்டார். "பண்ணுங்க டீச்சர். நல்ல காரியந்தானுங்க" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் வேம்பம்பதிக்குத் தூக்கம் போயிற்று என்று சொன்னால் மிகை. சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று சொல்லலாம்.

இரண்டு பெண்கள் வங்கிக்குப் போய், பேனாவை ஏன் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், எங்களை நம்பமாட்டீர்களா என்று மேனேஜரைக் கேட்டார்கள். இரண்டு பேர் கால்நடை மருத்துவரிடம் போய், மாட்டுக்கு வலித்தால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். கோயில் பூசாரியிடம் ஒரு பெண், சாமிக்கு அலங்காரம் செய்யும்போது மட்டும் ஏன் திரை போடுகிறீர்கள் என்றாள். பூசாரி யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மூன்று நாளாகியும் யோசித்துக்கொண்டிருந்தார். ரேஷன் கடைக்காரரிடம், கடை நேரம் ஒன்பது மணி என்று பலகையில் இருக்கிறதே, அது எந்த ஊர் ஒன்பது என்று கேட்டார்கள். கேள்வி மரியாதையாகத்தான் கேட்கப்பட்டது.

கோகுல்நாத்தும் அவன் கூட்டாளியும் தெருக்குழாயில் எட்டு மாதமாக ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கக் கிளம்பினார்கள். முதல் அலுவலகத்தில், அது நாங்கள் இல்லை, அவர்கள் என்றார்கள். அவர்களிடம் போனால், நாங்கள் இல்லை, இவர்கள் என்றார்கள். மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தார்கள். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "கேள்வி 4: மோட்டார் எங்கே? கேள்வி 5: கோழி யாருடையது?" என்று எழுதினான் கோகுல்நாத். ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகு அவன் முழுதாக எழுதிக் கொடுத்த முதல் பக்கம் அதுதான்.

நர்மதாவின் தாள் கடைசி நாளில்தான் வந்தது. நாலாக மடித்துக் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள். கற்பகம் அதைத் தனியாக உட்கார்ந்து படித்தாள்.

யாரிடம் கேட்டாய்? விவசாய ஆபீசான கிருஷி பவனில் இருக்கிற அக்காவிடம். என்ன கேட்டாய்? எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் ஐந்து மாதமாக இருக்கிற கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். என்ன சொன்னார்கள்? தோட்டத்துப் பம்புசெட்டுக்கு மானியம் தருகிறார்கள், நிலவரி ரசீதோடு வாருங்கள் என்று எழுதியிருக்கிறதாம். தேதி முடிந்துவிட்டதாம். ஜனவரியில் மறுபடி கேட்பார்களாம். அடுத்த கேள்வி: அப்பாவுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும். வாசிக்க வராது என்று ஏன் யாரிடமும் சொல்வதில்லை?

கற்பகம் அந்தத் தாளில் மார்க் போடவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பச்சை மசிக் கையெழுத்தும், மூன்று தடவை ஆடிய தலையும் அவள் நினைவுக்கு வந்தன. சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் மனம் வரவில்லை.

இதற்குள் ரேஷன் கடைக்காரரும் பூசாரியும் இன்னும் நாலு பேரும் பொங்கியண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏனுங்க பிரசிடென்ட், உங்க பள்ளிக்கூடத்துல படிக்க வெக்கறீங்களா, போலீசு வேலைக்குப் பழக்கறீங்களா?" என்றார்கள். வெளியே தலைகாட்ட முடியவில்லை. அவர் சனிக்கிழமை காலை பி.டி.ஏ. பொதுக்கூட்டம் என்று அறிவித்துவிட்டார். கூட்டத்துக்கு முந்தின மூன்று நாளும் மாடிக்குப் போகிற குழம்பை மட்டும் ராசம்மாள் நிறுத்தவில்லை. "அது வேற, இது வேறங்க" என்றாள்.

வழக்கமாகப் பதினோரு பேர் வருகிற கூட்டத்துக்கு அன்று எழுபது பேர் வந்தார்கள். டீயும் மிக்சரும் பாதியிலேயே தீர்ந்துபோயின. பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கினார்கள். பொங்கியண்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"கேள்வி கேக்கறதுக்கு வாத்தியாருங்க இருக்கறாங்க. பதில் சொல்றதுக்குப் புள்ளைங்க இருக்கறாங்க. ஒலகம் பூரா அப்புடித்தானுங்க நடக்குது. இந்த டீச்சர் மட்டும் வண்டிய ரிவர்ஸ்ல ஓட்டறாங்க!"

கை தட்டினார்கள். அவருக்கு உற்சாகம் ஏறியது.

"நாம ரெண்டு எழுத்துப் படிக்கத்தானுங்க புள்ளைங்கள அனுப்பறோம்? நாளைக்கு இதுக வேலைக்குப் போறப்ப, கோழி யாருதுன்னு கேட்டா வேல குடுப்பாங்களா? எச்.எம். சார், இதுக்கு யாரு அனுமதி குடுத்ததுங்க? அத மொதல்ல சொல்லுங்க!"

ஜோஸ் சாருக்கு வாழ்க்கையில் இப்படிப்பட்ட நிமிடங்களுக்காகத்தான் ஃபைல் இருந்தது. நிதானமாகத் திறந்து, பச்சைக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை உருவி எடுத்தார். "பிரசிடென்ட்தான் குடுத்தது. இதா, ஒப்பு… கையெழுத்து இருக்கு. எல்லாரும் கேக்கட்டும், நீங்களே மைக்கில வாசிங்க" என்று நீட்டினார்.

பொங்கியண்ணன் கடிதத்தை வாங்கினார். சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி கொண்டாரலீங்க" என்றார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஜன்னலில் இருந்த நர்மதாவின் முகம் வெளுத்துப்போனதைக் கற்பகம் பார்த்தாள். தன் மடியில் கைப்பை இருந்தது, பைக்குள் அந்தத் தாள் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால், வண்டியை ரிவர்ஸில் ஓட்டுகிறாள் என்று கை தட்டியபோது, அதை எடுத்து வாசித்துவிடலாமா என்று ஒரு கணம் கோபத்தில் நினைத்ததும் உண்மைதான். இப்போது அந்தக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து மேடைக்குப் போனாள். கடிதத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். மைக் கிறீச்சிட்டது. "ஸ்கூல்ல இருந்து உங்களுக்கு மாசாமாசம் நோட்டீஸ் வருதுல்ல, மலையாளத்துல. அத வாசிக்கத் தெரிஞ்சவங்க எத்தன பேரு? கை தூக்குங்க."

மூன்று கைகள் உயர்ந்தன. ஒரு கை, பக்கத்தில் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது.

"தெரியாதுன்னு யாராச்சும் எங்ககிட்டச் சொன்னீங்களா? சொல்லல. நாங்களும் கேக்கல. நான் மட்டும் ஒழுங்கான்னா, இல்ல. போன மாசம் வேலந்தாவளத்துல ஒன்றரை மணி நேரம், ஓடாத பஸ்ஸுக்கு நின்னு அழுதேன். பக்கத்துல எட்டுப் பேரு இருந்தாங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு. நான் படிச்ச படிப்புல அது இல்ல. இந்தப் பிள்ளைங்களுக்காவது இருக்கட்டும்னுதான்…"

ராசம்மாள் பின்வரிசையிலிருந்து, "ஆமாங்க, நாந்தான் மொபெட்ல கூட்டியாந்தேன்" என்று சாட்சி சொன்னாள்.

கூட்டம் கசகசவென்று பேச ஆரம்பித்தது. பொங்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"எனக்கும் வாசிக்கத் தெரியாதுங்க" என்றார்.

கசகசவென்று பேசியவர்கள் மேடைப் பக்கம் திரும்பினார்கள்.

"பேசுவனுங்க. ஆபீசருகிட்டச் சண்டையே போடுவேன். வாசிக்க மட்டும் வராது. நாலு வருசமா வாசிக்காமத்தானுங்க கையெழுத்துப் போட்டுட்டிருக்கறேன். எச்.எம். சார், எதுலயெல்லாம் போட்டிருக்கறேன்னு அப்பறமா ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

முதலில் சிரித்தது ராசம்மாள்தான். "கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியுமுங்க" என்றாள். எழுபது பேரும் சிரித்தார்கள். ரேஷன் கடைக்காரர் கூடச் சிரித்தார். பொங்கியண்ணனின் முகம் சிவந்தது. ஆனால் பல நாளாக முதுகில் சுமந்த மூட்டையை இறக்கியவர் போலத் தோள்கள் தளர்ந்தன.

"செரி, அந்தக் கடுதாசியில என்னதான் இருக்குதுங்க? இப்பத் தமிழ்ல சொல்லுங்க டீச்சர்."

கற்பகம் வரிவரியாகச் சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "இதுக்கா கையெழுத்துப் போட்டேன்? நல்லாத்தான இருக்குது!" என்றார்.

அன்று தீர்மானம் எதுவும் போடவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து நோட்டீஸ் ஒரு பக்கம் மலையாளத்திலும் மறுபக்கம் தமிழிலும் வந்தது. கேள்விப் பரீட்சை பருவத்துக்கு ஒரு தடவை நடந்தது. உதவிக் கல்வி அதிகாரியின் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கேள்விகளுக்கு எந்த அளவுகோலில் மார்க் போடுகிறீர்கள் என்று ஒரு படிவம் அனுப்பச் சொன்னார். ஜோஸ் சார் அதற்கும் ஒரு ஃபைல் திறந்தார். தெருக்குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்பது இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்த அலுவலகத்துக்கு எத்தனை மனு போயிருக்கிறது என்பதைக் கோகுல்நாத் தூக்கத்திலும் சொல்வான். கணக்கில் அவன் இன்னும் சுமார்தான். ஆனால் வகுப்பில் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டால் இப்போது மணி அடிக்கும்வரை விடமாட்டான். கற்பகம் சில நாள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே கரும்பலகையைத் துடைத்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

பொங்கியண்ணன் ஜனவரியில் நிலவரி ரசீதோடு தானே கிருஷி பவனுக்குப் போய், "எனக்கு வாசிக்க வராதுங்க, நீங்களே சொல்லுங்க" என்று வாசலிலேயே அறிவித்தார். அதிலிருந்து அவருக்குக் கேட்கிற பழக்கம் பிடித்துக்கொண்டது. கூட்டங்களில் யார் என்ன சொன்னாலும், "அதென்னுங்க அப்புடி?" என்று எழுந்துவிடுகிறார். முன்பு முக்கால் மணி நேரத்தில் முடிந்த கூட்டம் இப்போது இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. இதற்கெல்லாம் காரணம் டீச்சர்தான் என்று ஊரில் ஒரு சாராரின் கருத்து.

சித்திரை லீவுக்குக் கற்பகம் ஊருக்குப் போயிருந்தபோது, அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ராஜசேகர் மின்வாரியத்தில் வேலை செய்பவர். வழக்கப்படி அவளைக் காபித் தட்டோடு வரச்சொன்னார்கள். அவள் தட்டை வைத்துவிட்டு, எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் சில விஷயம் கேக்கலாமா?" என்றாள்.

பதினோரு கேள்விகள் கேட்டாள். சமைக்கத் தெரியுமா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், கடைசியாக எப்போது அழுதீர்கள் என்றெல்லாம் கேட்டாள். பூமாரி கதவுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு, "பொண்ணு பாக்க வந்த புள்ள பரிச்ச எழுதிட்டுப் போகுதே" என்றாள். அழகுமலை மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜசேகர் ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னார். இரண்டுக்கு, "தெரியலயே… யோசிச்சதில்ல" என்று தலையைச் சொறிந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் ஒண்ணு கேக்கவா? நீங்க ஏன் இவ்வளவு வேகமாப் பேசுறீங்க?" என்றார்.

"பயமா இருக்கு, அதான்" என்றாள் கற்பகம்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வேம்பம்பதியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மலையேறி வந்தார்கள். அவருக்கு வேலை மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில், அவளுக்கு எல்லையோர வேம்பம்பதியில். இரண்டு பேரில் யார் இடமாற்றம் கேட்பது என்பது மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.